கடலைக் கேள்வி கேட்ட தமிழர்

கடல் ஏன் நீலமாக இருக்கிறது? சிறுபிள்ளைக் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிடும் இக்கேள்விதான் ஒரு தமிழரை நோபல் பரிசு வரை அழைத்துச் சென்றது. அவர்தான் சர் சி.வி. இராமன்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் முதுகலைப் பட்டம் பெற்ற இராமன், ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லாத அந்நாளில், நிதித்துறைத் தேர்வெழுதிக் கல்கத்தாவில் அரசாங்க அதிகாரியானார். ஆயினும், கேள்விகள் அவரை விடவில்லை. பகலில் அலுவலகக் கணக்கு. காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு. வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியையும் ஆராய்ந்தார். 1917இல் பேராசிரியர் பதவி கிடைத்தபோது, அதைவிட அதிகச் சம்பளம் தந்த அரசாங்க வேலையை உதறினார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்பது அறிஞர் ரேலியின் கருத்து. இராமன் தம்மிடமிருந்த சிறு பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை! நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று விளக்கினார். நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதும் அந்நீலத்திற்கு முக்கியக் காரணம் என்பதை இன்று அறிவோம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு அவர் வாழ்வில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். விடுமுறையில் புக்கிட் ரோத்தான் வட்டாரப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். உடனே ஒரு சிறுமி, புக்கிட் மலாவாத்தியிலிருந்து பார்த்தால் கோலசிலாங்கூர்க் கடல் பழுப்பாகத்தானே இருக்கிறது அண்ணா என்றாள். சிலாங்கூர் ஆறு கொண்டுவரும் வண்டலும் கரையோரச் சேறும் நீரில் மிதந்து ஒளியைத் திருப்பிவிடுவதால், நீரின் சொந்த நிறம் தெரிவதில்லை என்று விளக்கினேன். பெரியவர் சொன்னதை அப்படியே ஏற்காமல், கண்ணால் கண்டதை வைத்துக் கேட்டாளே, அதுவே இராமனின் வழி.

அந்தக் கடற்கேள்வி ஏழாண்டுகள் தொடர்ந்தது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை இராமன் உறுதிசெய்தார். இவ்வாய்வில் துணைநின்ற கே.எஸ். கிருஷ்ணனும் தமிழரே. 1930இல் நோபல் பரிசு கிட்டியது. அறிவியலுக்காக அதைப் பெற்ற முதல் ஆசியர் இராமன். 1948இல் பெங்களூரில் தம் பெயரில் ஆய்வுக்கழகம் அமைத்தார். 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, அங்குள்ள பாறைகளை இராமன் விளைவைக் கொண்டே ஆராய்ந்தது.

நிலா ஏன் கூடவே வருகிறது, நட்சத்திரம் ஏன் மின்னுகிறது என்று கேட்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்றும் உண்டு. வாயை மூடு என்னும் ஒரு சொல்லில் அக்கேள்விகள் மடிந்துவிடும். பட்டம் பெற்று வெளியேறும் நாம், ஊர் திரும்பும்போது அவர்களுக்குச் செவிகொடுப்போம். விடை தெரியாவிட்டால், அவர்களோடு சேர்ந்து தேடுவோம்!