கீர்த்தனைக்காக வேலை இழந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலூரிலோ ஆம்பூரிலோ சர்ச் பக்கமாகப் போனால், ஆர்மோனியத்தோடு ஒரு கீர்த்தனை காதில் விழும். பல்லவி, சரணம், தாளம் எல்லாம் நம்ம ஊர் கச்சேரி மாதிரியேதான். ஆராதனையில் இப்படிப் பாடலாமா என்பதே ஒரு காலத்தில் பெரிய வழக்காக இருந்தது நண்பர்களே! அதில் முன்னே நின்றவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்தார். தகப்பனார் தேவசகாயம் ஒரு புலவர். பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த சுவார்ட்ஸ் ஐயர், 1785-ல் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். பின்னாளில் மன்னரான சரபோஜியும் அந்த ஐயரின் மாணவர்தான். தரங்கம்பாடியில் படிப்பை முடித்து, இருபது வயதுக்குள்ளேயே தஞ்சையில் தலைமை ஆசிரியரானார்.

1800 வாக்கில் எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் கிறிஸ்துவே தலைவர். குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள், எல்லாம் பழைய குறவஞ்சி முறைதான். ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் கணக்கையும் அதற்குள்ளே பாடி வைத்தார் பாருங்க! என்னைப் போன்ற எஞ்சினியர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுவார்ட்ஸ் 1798-லேயே மறைந்துவிட்டார். பிறகு வந்த மிஷனெரிகளுக்குச் சபையில் தமிழ் இசை பிடிக்கவில்லை. பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் மாற்றப் பார்த்தார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். 1829 வாக்கில் வேலை போயிற்று. பழைய பள்ளித் தோழர் சரபோஜிதான் கைகொடுத்தார். அந்த ஆதரவும் 1832-ல் மன்னர் மறைவோடு நின்றது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சபையில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும் என்று அந்த மிஷனெரிகள் சொன்னதையும் சாஸ்திரியார் எதிர்த்தார். இசையில் அவர் பக்கம் நியாயம், இதில் இல்லை.

1853-ல் வெப் என்ற அமெரிக்க மிஷனெரி கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டபோது சாஸ்திரியார் பாட்டுகள் அதில் நிறைய இடம் பிடித்தன. ஆக, வெளியே தள்ளப்பட்ட இசை புத்தகமாகவே உள்ளே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதி, 1864-ல் தஞ்சையில் காலமானார்.

இன்று நம் பக்கத்தில் தோல் ஷாப்பில் வாரமெல்லாம் உழைக்கும் குடும்பங்களும் அவர் பாட்டைப் பாடுகின்றன. யாரைத் தள்ளி உட்காரச் சொன்னாரோ, அவர்கள் பிள்ளைகளே அவர் ராகத்தைக் காப்பாற்றுகிறார்கள். பாட்டு, பாட்டு கட்டினவரையும் தாண்டிப் போய்விட்டது!