சக்கர நாற்காலியில் அமர்ந்து சாதித்த மருத்துவர் மேரி வர்கீஸ்

தோட்டத்தில் மரத்திலிருந்து விழுந்தவர், ஜார்ஜ்டவுன் சாலையில் மோட்டார் சைக்கிளோடு சரிந்தவர் என்று முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவரையாவது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். இனி அவ்வளவுதான் என்று உற்றாரே கைவிட்டுவிடும் நிலை அது. அந்த எண்ணத்தை மாற்றிக் காட்டியவர் வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

1925-இல் கேரளாவின் கொச்சிக்கு அருகே உள்ள செராயில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணியில் சேர்ந்தார். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களுடன் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம்; முதுகுத்தண்டும் அடிபட்டது. 28 வயதில் இரு கால்களும் செயலிழந்தன.

மூளையின் கட்டளையைக் கால்களுக்குக் கொண்டு செல்வது முதுகுத்தண்டு நரம்பு. அது அறுபட்டால் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் அக்காலத்தில் இத்தகையோரின் உயிரைப் பெரும்பாலும் பறித்தவை படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான். இரண்டும் கவனித்தால் தடுக்கக்கூடியவை.

மனமுடைந்து கிடந்த மேரிக்கு வழிகாட்டியவர், கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்குக் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தியைக் கையில் எடுத்தார். நடக்க முடியாத மருத்துவர், பிறர் கைகளுக்கு உயிர் கொடுத்தார்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். தன் வேலைகளைத் தானே செய்யக் கற்றார். அடுத்து நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். நாடு திரும்பி, 1963-இல் வேலூரில் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே உருவானது. இந்தியாவில் அத்தகைய நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. தன்னைப் போலவே நாற்காலியில் இருந்து ஒரு மருத்துவர் பேசும்போது, நோயாளிக்கு வேறு சான்று எதற்கு?

1972-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார். அவர் பெயரிலேயே அந்நிலையம் இன்றும் இயங்குகிறது.

நம் நாட்டிலும் மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் உள்ளது. சந்தா கட்டிய தொழிலாளி விபத்தில் சிக்கினால், குடும்பத்தார் சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்கத் தயங்கக் கூடாது.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். விழுந்து கிடப்பவரை அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்; அதனால் நரம்பு மேலும் சேதமடையலாம். அசைக்காமல் வைத்து 999-ஐ அழையுங்கள். வீட்டில் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். கால்கள் போனாலும் வாழ்க்கை போய்விடுவதில்லை என்பதற்கு மேரி வர்கீஸ் வாழ்ந்த வாழ்க்கையே சாட்சி.