முதற்பாடம் கற்பித்த ஓவியர்

கண் எல்லார்க்கும் உண்டு. ஆயினும், கண்டதை உணர்ந்து காண்பவர் சிலரே. நாள்தோறும் நாம் கையாளும் தாள் எவ்வளவு பாரம் தாங்கும் என்றோ, நாம் நடக்கும் தெருவின் மண் காலையில் எந்நிறம், மாலையில் எந்நிறம் என்றோ ஒருவர் வினவினால் நம்மிற் பலர் விடை கூற இயலாது நிற்போம். ஓவியம் கற்க வருவோர்க்குக் கையைப் பழக்குமுன் கண்ணைப் பழக்குதல் வேண்டும் என்று தெளிந்து, அதற்கெனத் தொடக்கப் பயிற்சிகளை வகுத்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தவர் ஜோசப் ஆல்பர்ஸ் என்னும் பெரியார். புதுமை ஓவியம் பயிற்றும் கல்லூரிகள் பல நாடுகளில் அவர் வழியைப் பின்பற்றின. அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இளமை

ஜெர்மனி நாட்டின் மேற்குப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்ற ரூர் வட்டாரத்தில், பாட்ராப் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1888-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள் ஆல்பர்ஸ் பிறந்தார். அவர் தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர்; தச்சு முதலிய பல கைவேலைகளும் அறிந்தவர். தாயாரோ கொல்லர் குடியிற் பிறந்தவர். ஆதலின் கைத்தொழிலின் பெருமையை ஆல்பர்ஸ் நூல்களில் படித்து அறிய வேண்டியதில்லை. தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தார்.

கதவுக்கு வண்ணம் பூசுவோர் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் பூசி வருதல் வேண்டும் என்று தந்தையார் மகனுக்குக் காட்டினார். அவ்வாறு பூசினால் வழியும் வண்ணத்தைத் தூரிகையே வாங்கிக்கொள்ளும். சட்டைக் கையிலும் கறை படியாது. இச்சிறிய தொழில்நுட்பம் பிற்காலத்தில் அவருடைய பெரும்புகழ்க்கு எவ்வாறு துணை நின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆல்பர்ஸ் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1908-ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளிகளில் சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தந்தார். கலையார்வம் அவரை வாளா இருக்க விடவில்லை. பெர்லின், எசன், மியூனிக் ஆகிய நகரங்களுக்குச் சென்று ஓவியம் பயின்றார். ஆயினும் தாம் தேடியது அவ்விடங்களில் கிட்டியதாக அவர் உணரவில்லை.

புதியதொரு கலைப்பள்ளி

முதலாம் உலகப்போர் முடிந்த பின்னர், 1919-ஆம் ஆண்டில், வைமார் என்னும் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் ஒரு கலைப்பள்ளியைத் தோற்றுவித்தார். அதன் பெயர் பௌஹவுஸ். ஓவியரும் சிற்பியரும் தச்சரும் நெசவாளரும் ஓரிடத்தில் கூடிக் கற்க வேண்டும். கலைஞர் உயர்ந்தோர், கைவினைஞர் தாழ்ந்தோர் என்னும் வேறுபாடு ஒழிய வேண்டும் என்பது அப்பள்ளியின் நோக்கம்.

அந்நாளில் கலைக்கழகங்களிற் சேரும் மாணவர், பழஞ்சிலைகளின் சுண்ணப் படிவங்களைப் பார்த்து வரைந்து பழகுதலே முதற்பயிற்சியாக இருந்தது. பௌஹவுஸ் பள்ளியில் ஜோஹன்னஸ் இட்டன் என்னும் ஓவியர் இவ்வழக்கத்தை விடுத்து, ஆறு திங்கள் நடைபெறும் தொடக்க வகுப்பு ஒன்றை ஏற்படுத்தினார். மாணவர் மரம், கல், கம்பளி, உலோகம் முதலியவற்றைத் தொட்டும் தடவியும் அவற்றின் இயல்பை அறிதல் வேண்டும். இவ்வகுப்பில் தேறிய பின்னரே பட்டறைகளிற் சேர்ந்து தொழில் பயிலலாம்.

1920-ஆம் ஆண்டில் ஆல்பர்ஸ் இப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பத்திரண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஆசிரியராய் அமர்ந்தவர், தம்மினும் இளையோர் நடுவே மீண்டும் மாணவராய் அமர்ந்தார். கற்க வேண்டும் என்னும் வேட்கை உடையார்க்கு அகவை ஒரு தடையாகுமோ?

குப்பைமேடு தந்த செல்வம்

ஆல்பர்ஸிடம் பொருள் இல்லை. வண்ணமும் துணியும் விலை கொடுத்து வாங்க அவரால் இயலவில்லை. ஆதலின் முதுகில் ஒரு பையும் கையில் ஒரு சுத்தியுமாக அவர் வைமார் நகரின் குப்பைமேட்டுக்குச் சென்றார். அங்குக் கிடந்த உடைந்த புட்டிகளையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கி வந்தார். அவற்றைக் கம்பியாலும் ஈயத்தாலும் பிணைத்து, ஒளி ஊடுருவும் ஓவியங்களாக அமைத்தார். ஊரார் வேண்டாவென்று எறிந்த துண்டுகள், கதிரொளி பட்டவுடன் மணிகளைப் போல் ஒளிர்ந்தன.

பள்ளியின் தலைவர்கள் இதனை முதலில் விரும்பவில்லை. சுவர்க்கு வண்ணம் தீட்டும் பட்டறையில் அவர் சேர வேண்டும் என்றும், சேராவிடின் பள்ளியில் தொடர்ந்து இருத்தல் இயலாது என்றும் அறிவுறுத்தினர். ஆல்பர்ஸ் வாதிடவில்லை; தம் பணியையும் நிறுத்தவில்லை. பருவ முடிவில் மாணவர் தத்தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தல் மரபு. அன்றோடு தமது கல்வி முடிந்துவிடக்கூடும் என்ற எண்ணத்துடனேயே ஆல்பர்ஸ் தம் கண்ணாடி ஓவியங்களைக் காட்சியில் வைத்தார். அவற்றைக் கண்ட ஆசிரியர்கள் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். அவரை வெளியேற்றுவதற்கு மாறாக, கண்ணாடி வேலைக்கெனத் தனிப் பட்டறை ஒன்றை அமைக்குமாறு வேண்டினர்.

செய்தித்தாள் பாடம்

1923-ஆம் ஆண்டில் இட்டன் பள்ளியை விட்டு நீங்கினார். தொடக்க வகுப்பில் மாணவர்க்குப் பொருள்களின் இயல்பைக் கற்பிக்கும் பொறுப்பைக் குரோப்பியஸ் ஆல்பர்ஸிடம் ஒப்படைத்தார். 1925-ஆம் ஆண்டில் பள்ளி டெஸ்ஸாவ் நகர்க்கு மாறியது. அங்கு ஆல்பர்ஸ் முழுநிலை ஆசிரியர் ஆனார். அவ்வாண்டிலேயே, அப்பள்ளியில் நெசவு பயின்ற ஆனி என்னும் நங்கையை மணந்தார். ஆனி அம்மையார் பின்னாளில் நெசவுக் கலையில் உலகப் புகழ் எய்தினார்.

ஆல்பர்ஸ் பாடம் நடத்திய முறையை அவர் மாணவர் ஒருவர் பின்னர் விளக்கியுள்ளார். ஒருநாள் அவர் ஒரு கட்டுச் செய்தித்தாள்களுடன் வகுப்பினுள் நுழைந்தார். ஆளுக்குச் சில தாள்களை வழங்கினார். தாளின் இயல்பை மதித்து, அதனைக்கொண்டு ஏதேனும் ஒன்று செய்க. கத்தரிக்கோல், பசை முதலிய துணைகள் இன்றிச் செய்யின் மிக நன்று என்று பணித்துவிட்டு வெளியே சென்றார். சில மணி நேரம் கழித்துத் திரும்பினார். மாணவர்கள் கோட்டையும், கப்பலும், முகமூடியும், விலங்கும் செய்து வைத்திருந்தனர். ஆல்பர்ஸ் அவற்றையெல்லாம் பார்த்தார். இவற்றைக் கல்லாலோ உலோகத்தாலோ மரத்தாலோ செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து, அது தானே நிமிர்ந்து நிற்குமாறு வைத்திருந்தார். பார்வைக்கு அது மிக எளியது. ஆல்பர்ஸ் அதனையே எடுத்துப் பாராட்டினார். கிடந்த தாள் எழுந்து நிற்கின்றது. கிடந்தபோது ஒரு பக்கமே கண்ணுக்குப் புலப்பட்டது, நின்றபோது இரு பக்கமும் புலப்படுகின்றன. துவளும் தாளுக்கு ஒரு மடிப்பே வலிமை தந்துவிட்டது என்று விளக்கினார். மாணவர்கள் தம் கையில் இருந்த தாளை அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர் எனலாம்.

பொருளை வீணாக்காமையும், உழைப்பை வீணாக்காமையும் அவ்வகுப்பின் இரு விதிகள். ஒரே தாளை வெட்டியும் மடித்தும் பல வடிவங்கள் ஆக்க வேண்டும். துண்டு எதுவும் கழிவாக எஞ்சுதல் கூடாது. மாணவர் தம் கையால் செய்து, தவறிப் பார்த்து, தாமே உண்மையைக் கண்டறிதல் வேண்டும். ஆசிரியர் விடையை முன்கூட்டிச் சொல்லார்.

நாடு விட்டு நாடு

நாஜிக் கட்சியினர் வலிமை பெற்றபோது பௌஹவுஸ் பள்ளிக்கு இடர் சூழ்ந்தது. டெஸ்ஸாவ் நகரில் நடைபெற இயலாமற்போகவே, 1932-ஆம் ஆண்டில் பள்ளி பெர்லின் நகர்க்குச் சென்றது. 1933-ஆம் ஆண்டு ஏப்ரலில் காவலர் அங்கும் புகுந்து சோதனையிட்டுப் பள்ளியைப் பூட்டினர். அவ்வாண்டு சூலையில் ஆசிரியர்கள் கூடி, பள்ளியைக் கலைத்துவிட முடிவு செய்தனர். ஆல்பர்ஸ் தொழிலை இழந்தார். ஆனி அம்மையார் யூத மரபினர் ஆதலின், அவர்கள் ஜெர்மனியில் வாழ்வதே இடர் மிக்கதாயிற்று.

அந்நேரத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலைனா மாநிலத்தில், மலைகளின் நடுவே, பிளாக் மௌண்டன் கல்லூரி என்னும் சிறு கல்லூரி தோன்றியது. அக்கல்லூரியினர் ஆல்பர்ஸை அழைத்தனர். 1933-ஆம் ஆண்டு நவம்பரில் கணவனும் மனைவியும் அமெரிக்கா சேர்ந்தனர். ஆல்பர்ஸ் ஆங்கிலம் அறியார், அகவையோ நாற்பத்தைந்து. எனினும் மாணவர் கண்களைத் திறப்பதே தம் பணி என்று அவர் உறுதி பூண்டிருந்தார். சொல் போதாத இடத்தில் கையசைவும், கரும்பலகையில் இட்ட கோடும் அவர்க்கு மொழியாயின.

அக்கல்லூரியும் செல்வம் அற்றது. அதனால் ஆல்பர்ஸின் வகுப்பு தளரவில்லை. உதிர்ந்த இலையும், மரப்பட்டையும், முட்டை ஓடும் பாடப் பொருள்கள் ஆயின. ஒன்றன் அருகே மற்றொன்றை வைக்கும்போது சொரசொரப்பு மென்மையாகவும், மென்மை சொரசொரப்பாகவும் தோன்றுவதை மாணவர் கண்டனர்.

நிறம் கற்பித்தல்

நிறத்தைக் கற்பிக்க ஆல்பர்ஸ் கையாண்டவை பெரும்பாலும் நிறத்தாள்களே. அவை மலிவானவை, வண்ணம் குழைக்க வேண்டிய தொல்லையும் இல்லை. ஒரே நிறத்தாளில் இரு சிறு துண்டுகளை வெட்டி, ஒன்றைக் கரிய நிறத்தின்மேலும், மற்றொன்றை வெளிறிய நிறத்தின்மேலும் வைத்தால் இரண்டும் வெவ்வேறு நிறங்களாகத் தோன்றும். இவ்வாறு ஒரு நிறத்தை இரண்டாகவும், இரு நிறங்களை ஒன்றாகவும் தோன்றச் செய்யுமாறு அவர் மாணவரை ஏவினார்.

இதனை விளக்க அவர் ஓர் எளிய உவமை கூறினார். மூன்று பாத்திரங்களில் வெந்நீர், வெதுவெதுப்பான நீர், தண்ணீர் ஆகியவற்றை வைத்து, ஒரு கையை வெந்நீரிலும் மற்றொரு கையைத் தண்ணீரிலும் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். பின்னர் இரு கைகளையும் நடுப்பாத்திரத்தில் இட்டால், அந்நீரே ஒரு கைக்குக் குளிர்ந்தும் மற்றொரு கைக்குச் சுட்டும் தோன்றும். கை மயங்குவது போலவே கண்ணும் மயங்கும். அம்மயக்கத்தை அறிந்தவனே நிறத்தை ஆளவல்லவன்.

ஆல்பர்ஸ் 1949-ஆம் ஆண்டில் அக்கல்லூரியை நீங்கினார். 1950-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறைத் தலைவர் ஆனார். அவர் வகுப்புகளில் கண்டறிந்தவை நிறங்களின் இடைவினையைப் பற்றிய பெருநூலாக 1963-ஆம் ஆண்டில் வெளிவந்தன.

சதுரங்களும் மாணாக்கரும்

1950-ஆம் ஆண்டில், அறுபத்திரண்டாம் அகவையில், ஆல்பர்ஸ் ஒரு புதிய ஓவிய வரிசையைத் தொடங்கினார். சதுரத்துள் சதுரமாக மூன்று அல்லது நான்கு சதுரங்கள், அவ்வளவே வடிவம். நிறங்களை மட்டும் மாற்றி மாற்றி, வாழ்நாள் முடியும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். ஒவ்வொன்றையும் நடுச்சதுரத்தில் தொடங்கி வெளிநோக்கிப் பூசி வந்தார். பாட்ராப் ஊரில் தந்தையார் கதவுக்கு வண்ணம் பூசக் கற்றுத் தந்த முறையே அது.

அவர் கண்டிப்பு மிக்க ஆசிரியர். எனினும் தம்மைப் போலவே வரையும் மாணாக்கரை அவர் ஆக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய மரபினர் என்ற காரணத்தால் முகாமில் அடைக்கப்பட்ட ரூத் அசாவா என்னும் பெண்மணி, பின்னர் பிளாக் மௌண்டன் கல்லூரியில் அவரிடம் பயின்று, கம்பியைப் பின்னிச் சிற்பம் செய்வதில் சிறந்து விளங்கினார். ராபர்ட் ரௌஷன்பர்க் என்னும் மாணவர் ஆசிரியரின் நெறிக்கு நேர்மாறான வழியிற் சென்றார். ஆயினும் தமக்கு வாய்த்த ஆசிரியருள் ஆல்பர்ஸே தலையாயவர் என்று நன்றியுடன் நினைவு கூர்ந்தார்.

1971-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் ஆல்பர்ஸின் ஓவியங்களுக்கெனத் தனிக் காட்சி நடத்தியது. அதற்கு முன் வாழும் கலைஞர் எவர்க்கும் அக்கூடம் அத்தகைய சிறப்பைச் செய்ததில்லை. குப்பைமேட்டில் கண்ணாடி பொறுக்கியவர் அடைந்த சிறப்பு இது. 1976-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், நியூ ஹேவன் நகரில், எண்பத்தெட்டாம் அகவை நிறைந்த சில நாளில் அவர் உயிர் நீத்தார்.

மாணவர்களே! ஓவியம் பயில விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று வருந்த வேண்டா. பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து மடித்து நிறுத்திப் பாருங்கள். ஓர் இலையைச் சிவப்புத் துணியின்மேலும், பின்னர் மஞ்சள் துணியின்மேலும் வைத்து நோக்குங்கள். இலையின் பசுமை மாறுவதை உங்கள் கண் காணுமாயின், ஆல்பர்ஸின் முதற்பாடத்தை நீங்களும் கற்றவர் ஆவீர்கள்.