மணலில் எழுதப் படித்த ஊழியர்



கிராம ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று நம்ம வாலிபர்கள் பலர் பாரத்தோடு ஜெபிக்கிறாங்க. அவங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஊழியத்துக்கு வந்த புதிதில் பொறையாறுக்கு மேற்கே ஒரு கிராமத்துக்கு மைக் செட்டோடு போனேன். மூன்று நாள் கூட்டம். தொண்டை கட்டும் அளவுக்குப் பேசினேன். வந்தவங்க நாலே பேர். அது சம்பா நடவு நேரம். விடியலில் வயலில் இறங்கினவங்க பொழுது சாய்ந்துதான் கரையேறுவாங்க என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. ஜனங்களின் இருதயம் கடினம் என்று சபையில் வந்து குறை சொன்னேன்.

மனம் சோர்ந்து ஒருநாள் தரங்கம்பாடிக்குப் போய், புது எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்கு ஐயரின் கல்லறை முன்னால் உட்கார்ந்தேன். பிறகு அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். கர்த்தர் என்னைத் தொட்டார்.

அவர் 1682ல் ஜெர்மனியின் புல்ஸ்நிட்ஸ் ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். சரீர பலவீனம் கடைசிவரை விடவில்லை. டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்ப, புளுட்சோ என்ற உடன் ஊழியரோடு 1706 ஜூலை 9ந் தேதி தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது ஏறக்குறைய 24 வயது. ஊர் டேனிஷ்காரர் கையில் இருந்தது. ஆனால் கோட்டை அதிகாரிகள் முகம் கொடுக்கவில்லை.

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? பிரசங்கம் அல்ல. வயதான ஒரு தமிழ் வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பட்டணத்தில் படித்தவர், நம்ம பிள்ளைகளுக்குச் சக மாணவன் ஆனார்! அப்புறம் தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேர்த்து வாசித்தார். ஜனங்களின் பழக்கவழக்கம், நம்பிக்கை எல்லாவற்றையும் அவங்ககிட்டேயே கேட்டுக் கேட்டு எழுதினார்.

1707ல் முதல் ஞானஸ்நானம் பெற்றவங்க ஐந்து பேர். எல்லாரும் டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள். அதே வருஷம் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். கணவனை இழந்த ஒரு ஏழைத் தமிழ்ப் பெண்ணின் வழக்கில் பரிந்து பேசப் போய், 1708 கடைசியில் கோட்டை அதிபதி ஹாசியஸ் அவரைச் சிறையில் போட்டார். நாலு மாதம்! வெளியே வந்தவர் பகையை அல்ல, வேலையைத்தான் தொடர்ந்தார். 1711ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். 1715க்குள் அது அச்சாகி வந்தது.

ஒரு குறை மட்டும் அவர் மனதில் இருந்தது. கோட்டை எல்லை தாண்டினால் தஞ்சை மராட்டிய ராஜாவின் சீமை. வெள்ளைக்காரர் இஷ்டம்போல் அங்கே போக முடியாது. அந்த வயல்வெளிக் கிராமங்களுக்குள் அவரால் ஆழமாய்ப் போக முடியவில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்து, 1719 பிப்ரவரி 23ல் 36 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

தோல்வி என்று நினைக்கிறீங்களா? இல்லை! அவர் போக முடியாத இடத்துக்கு அவர் அச்சடித்த வேதம் போனது. தஞ்சை ராஜாவின் படையில் இருந்த ராஜநாயக்கன் அதை வாசித்து மனந்திரும்பி, தன் ஜனத்துக்குள்ளேயே ஊழியம் செய்தார். 1733ல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்று கிராமம் கிராமமாய் நடந்தார். அந்நியர் தடுக்கப்பட்ட வரப்பில் நம்ம ஜனம் நடந்தது.

சீகன்பால்கு நம்ம சபைப் பிரிவைச் சேர்ந்தவர் அல்ல, லுத்தரன். ஆனாலும் எனக்கு அவர் வாத்தியார். அறுப்பு முடிந்தபின் அதே கிராமத்துக்கு மைக் இல்லாமல் போனேன். பல மாதம் பிரசங்கமே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் பெயரைக் கேட்டேன். வியாதிக்காரரைப் பார்த்தேன். முன்பு என் கூட்டத்துக்கு வராத ஒரு அம்மாதான், தன் வீட்டில் வந்து ஜெபிக்கச் சொல்லி என்னை முதலில் கூப்பிட்டாங்க. கடினம் என் இருதயத்தில்தான் இருந்தது என்று அன்று அழுதேன்.

வாலிபரே, கிராமத்துக்குப் போங்க. ஆனால் பேசுவதற்கு முன்னால் உட்காருங்க. மணலில் விரல் வைக்க வெட்கப்படாதீங்க. கர்த்தர் உங்களை எடுத்து உபயோகிப்பாராக. ஆமென்.