அவிலா ஊர்த் தெரேசம்மாள்



தெரேசா என்று தலைப்பு எழுதினதுமே பக்கத்தில் இருந்தவள், அன்னை தெரசாவான்னு கேட்டாள். இல்லை. கல்கத்தாவில் ஏழைகளுக்குச் சேவை செய்த அன்னை தெரசா 1997-ல் இறந்தவர். அவர் பிரான்ஸ் நாட்டுக் குழந்தை தெரேசாவின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை தெரேசா இருந்த மடம், நான் சொல்லப்போகிற தெரேசா சீர்திருத்திய கார்மேல் சபையைச் சேர்ந்தது. அதனால இவங்கதான் எல்லாருக்கும் மூத்தவங்க. பெரிய தெரேசா என்றும் சொல்வார்கள்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தா மனசு நிக்க மாட்டேங்குதுன்னு எங்க பாட்டி அடிக்கடி சொல்லுவாங்க. ஜெபத்துக்கே ஆசிரியை என்று உலகம் சொல்கிற ஒருத்தருக்கும் அதே கஷ்டம் பல வருஷம் இருந்ததாம். அதைப் படிச்சதுமே இவரைப் பற்றித்தான் எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஸ்பெயின் நாட்டில் அவிலா என்று ஒரு ஊர். சுற்றிலும் கல் மதில். அங்கே 1515 மார்ச் 28-ல் தெரேசா பிறந்தார். அப்பா அலோன்சோ, அம்மா பெயாத்ரிஸ். வீடு நிறைய பிள்ளைகள். அம்மாவுக்கு வீரர்கள் சண்டை போடுகிற கதைப் புத்தகம்னா உயிர். அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால அம்மாவும் மகளும் அப்பாவுக்குத் தெரியாம படிப்பாங்களாம்!

ஏழு வயசு இருக்கும்போது அண்ணன் ரொட்ரிகோவைக் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டே கிளம்பிட்டார். மூர் இனத்தவர் நாட்டுக்குப் போனால் கடவுளுக்காகத் தலையை வெட்டுவார்கள், உடனே மோட்சம் போயிடலாம் என்று கணக்கு. மதிலைத் தாண்டினதும் சித்தப்பா பார்த்துட்டு வீட்டுக்கு இழுத்து வந்துட்டார். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் தோட்டத்தில் கல்லை அடுக்கி முனிவர் குடிசை கட்டி விளையாடினார்கள். கட்டக் கட்ட அது சரிஞ்சு விழுந்துச்சாம்.

1528-ல் அம்மா இறந்துபோனார். அப்போ தெரேசாவுக்குப் பதிமூணு வயசு, என்னைவிட ஒரு வயசு குறைவு. அழுதுகொண்டே மாதா சுரூபத்துக்கு முன்னாடி போய், இனிமே நீங்கதான் எனக்கு அம்மாவா இருக்கணும்னு கேட்டாராம்.

இருபது வயசில், அப்பா சம்மதம் இல்லாமலே அவிலாவில் இருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே பயங்கர நோய். வைத்தியத்துக்காகப் போகிற வழியில் ஒரு சித்தப்பா ஜெபத்தைப் பற்றின புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். வாயால் சொல்வது மட்டும் ஜெபம் இல்லை, மனசை உள்ளே குவித்துக் கடவுளோடு இருப்பதும் ஜெபம்தான் என்று அதில் கற்றுக்கொண்டார்.

வைத்தியத்தால் நோய் இன்னும் அதிகமாச்சு. 1539 ஆகஸ்டில் நாலு நாள் மூச்சுப் பேச்சு இல்லை. இறந்துட்டார்னு நினைச்சு கண் இமையில் மெழுகு கூட வைத்துவிட்டார்கள். மடத்தில் குழியும் தோண்டியாச்சு. அப்பா மட்டும் என் மகள் சாகலைன்னு பிடிவாதமா புதைக்க விடலை. கண் விழிச்சார். ஆனா கிட்டத்தட்ட மூணு வருஷம் கை கால் சரியா வரலை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ முடிஞ்சதே பெரிய சந்தோஷமா இருந்துச்சாம்.

இதுக்கு அப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. உடம்பு தேறினதும் மடத்துக்கு வருகிறவர்களோடு பேசியே பொழுது போனது. நான் இப்படி இருக்கும்போது கடவுள் முன்னால் எந்த முகத்தோட போய் உட்காருவதுன்னு வெட்கப்பட்டு, தனியாகச் செய்கிற ஜெபத்தையே ஒரு வருஷத்துக்கு மேல விட்டுட்டார். இதில் வேடிக்கை என்னன்னா, அப்பாவுக்கு அந்த ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். அப்பா தினமும் தவறாம செய்கிறார், மகள் செய்யலை. 1543-ல் அப்பா இறந்தபோது, அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குரு, மறுபடியும் ஜெபத்தைத் தொடங்கு, இனிமே விடாதே என்று தெரேசாவுக்குப் புத்தி சொன்னார். அதுக்கப்புறம் விடவே இல்லை.

விடலையே தவிர, இனிச்சதா என்றால் இல்லை! கடைசி பீரியடில் நாம மணிக்குக் காத்திருப்போம் இல்லையா, அதே மாதிரி ஜெப நேரம் எப்ப முடியும், மணி எப்ப அடிக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாராம். இதை யாரும் கண்டுபிடிச்சுச் சொல்லலை, அவரே எழுதி வைத்திருக்கிறார். பதினெட்டு வருஷம், நற்கருணை வாங்கின நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாம ஜெபத்தில் உட்காரத் தைரியம் வரலையாம். புத்தகத்தைத் திறந்தாலே போதும், ஓடுகிற மனசு திரும்பி வந்துவிடும். 1554-ல், 39 வயசில், காயம்பட்ட இயேசுவின் சுரூபம் ஒன்றைப் பார்த்து மனசு உடைஞ்சு அழுதார். அன்றிலிருந்துதான் மாற்றம்.

ஜெபத்தை இவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். முதல்ல கிணற்றில் வாளி விட்டுக் கையால் இறைப்பது. ரொம்பக் கஷ்டம், தண்ணியும் கொஞ்சம். ரெண்டாவது சக்கரம் வைத்து இறைப்பது, எங்க தாத்தா காலத்துக் கமலை மாதிரின்னு வச்சுக்கோங்க. மூணாவது ஆற்றுத் தண்ணி தானா பாய்வது. நாலாவது மழை. மழைக்கு நாம ஒண்ணுமே செய்ய வேண்டாம், கடவுளே நனைக்கிறார். ஆனா மழை வரும்வரை வாளியைக் கீழே போடக்கூடாது. சில நாள் கிணறே வத்திப் போயிருக்கும். அப்பவும் தோட்டக்காரர் வரணுமாம். தண்ணி இல்லாமலே பூவைக் காப்பாத்தறது தோட்டத்து முதலாளி பாடு. தினமும் தெருக்குழாயில் குடம் பிடிச்சுத் தூக்குகிற எனக்கு இது டக்குன்னு புரிஞ்சுது. பாட்டிக்கு வாசிச்சுக் காட்டினேன், இன்னொரு தடவை படின்னாங்க.

1559-ல் ஒரு இடி. தாய்மொழியில் இருந்த பக்திப் புத்தகங்கள் பலவற்றை ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் தடை செய்துவிட்டது. லத்தீன் படிச்ச ஆண்களுக்கு நஷ்டம் இல்லை. பெண்களுக்கு யார் லத்தீன் சொல்லிக் கொடுத்தாங்க? புத்தகம் இல்லாம ஜெபத்துக்கே போகாதவருக்கு எப்படி இருந்திருக்கும்! பிறகு தெரேசாவே எழுதினார். அதுவும் குருக்கள் எழுதச் சொன்னதால். ஏழை மடம், எழுத உட்கார்ந்தா நூல் நூற்கிற வேலை கெடுதுன்னு குறை வேற!

1562 ஆகஸ்ட் 24-ல் நாலே பெண்களோடு சூசையப்பர் பெயரில் சின்ன மடம் ஒன்று தொடங்கினார். பெரிய மடத்தில் கூட்டம் அதிகம், பணக்காரப் பெண்களுக்கு ஒரு மாதிரி, ஏழைக்கு ஒரு மாதிரி. புதுசில் அந்த வேறுபாடே கூடாது என்றார். வருமானம் இல்லாத மடம் ஊருக்குப் பாரம்னு அவிலா நகர சபையே எதிர்த்து வழக்குப் போட்டது. மடம் நின்றது. அடுத்த இருபது வருஷத்தில், அதையும் சேர்த்து 17 மடங்கள். பெரும்பாலானவை கூண்டு வண்டியில், வெயிலிலும் மழையிலும் காய்ச்சலோடு போய்த் தொடங்கியவை. பொம்பளைக்கு ஏன் இந்த ஊர் சுற்றல் என்று பெரிய பதவியில் இருந்தவர்களே திட்டினார்கள். அவர் எழுதின சுயசரிதையையும் விசாரணை மன்றம் வாங்கி வைத்துக்கொண்டது.

இவ்வளவு வேலையிலும் எப்படி ஜெபம் பண்ணினார்? அடுப்படியில் சட்டி பானை நடுவிலும் கடவுள் இருக்கிறார் என்று சகோதரிகளுக்குச் சொல்லுவார். ஜெபம் என்றால் நம்மேல் அன்பு வைத்தவரோடு தனியா உட்கார்ந்து பேசுவது, அவ்வளவுதான் என்பார். ஜெபத்தில் மூழ்கி இருக்கும்போது பக்கத்தில் ஒருத்தி நோயில் கிடந்தா, ஜெபத்தின் இனிப்பு போனா போகட்டும், அவளை முதல்ல கவனி என்பதும் இவர் பாடம்தான்.

1582 அக்டோபர் 4 இரவு, ஆல்பா தே தோர்மெஸ் என்ற ஊரில் இறந்தார். அடுத்த நாள் என்ன தேதி? 5 இல்லை, 15! அன்றைக்குத்தான் பழைய காலண்டரை மாற்றிப் பத்து நாளைக் குறைத்தார்கள். அதனால அவர் திருநாள் அக்டோபர் 15. நம்ம அப்துல் கலாம் ஐயா பிறந்த நாளும் அதுவே!

விசாரணை மன்றம் வாங்கி வைத்த புத்தகம் 1588-ல் அச்சாகி வந்தது. 1622-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்கும் அதே நாளில்தான் கொடுத்தார்கள். 1970 செப்டம்பர் 27-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது எல்லாருக்கும் ஆசிரியர், என்று அறிவித்தார். அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் இவர்தான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி