மத்தளக் கலைஞர்க்கு வாய்த்த கீர்த்தனை

உத்திரமேரூருக்கு அண்மையதான காஞ்சி மாநகரில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர்த் திருவாரூருக்குத் திரும்பிய இசைப்பெருமகனார் முத்துசாமி தீட்சிதர். கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவராகிய அவர், அம்ச‌த்வனி இராகத்தைக் கண்ட இராமசாமி தீட்சிதரின் மூத்த புதல்வராய் 1775ஆம் ஆண்டில் திருவாரூரில் தோன்றினார்.

வடமொழியும் சோதிடமும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பம் மணலியில் தங்கியபோது, சென்னைக் கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய வாத்தியக் குழுவின் மெட்டுகள் அவர் செவிக்கு எட்டின. அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் புனைந்தார். தம்பி பாலுசாமி வயலின் கற்றார். சிதம்பரநாத யோகியுடன் காசி சென்று, வீணையும் ஞானமும் பெற்று மீண்டார். காஞ்சியில் உபநிடதப் பிரம்ம யோகியின் நட்பு வாய்த்தது; அவரது இராமாஷ்டபதிக்கு இசையமைத்துக் கொடுத்தார். ஏகாம்பரநாதரையும் காமாட்சியன்னையையும் பாடிய கீர்த்தனைகள் காஞ்சிக்கு அவர் விட்டுச்சென்ற செல்வம்.

திருவாரூரில் அவரைச் சூழ்ந்த மாணவருள் சுத்த மத்தளம் தம்பியப்பன் தனியிடம் பெற்றவர். தொழிலால் அவர் தாளக் கருவியாளர். ஆயினும் ஆசிரியரின் உருப்படிகளை ஊன்றிப் பயின்றவர். அத்தகைய கலைஞரைத் தீராத வயிற்றுவலி பற்றிக்கொண்டது. மருந்துகள் பயனளிக்கவில்லை. மாணவரின் வேதனை கண்டு வருந்திய தீட்சிதர், அவரது சாதகத்தை ஆராய்ந்து, குருவாகிய வியாழனின் நிலை பொருந்தாமையே காரணம் எனக் கண்டார் என்பது இசை மரபில் வழங்கிவரும் செய்தி.

பரிகாரமோ மந்திர செபம். அதனை ஓதும் உரிமை அக்காலச் சமூக வழக்கில் மத்தளக் கலைஞர்க்கு இல்லை. இங்கேதான் தீட்சிதரின் உள்ளம் புலனாகிறது. வழக்கைக் காட்டி அவர் ஒதுங்கிவிடவில்லை. நோயுற்றவருக்காக மற்றொருவரை ஓதச் சொல்லவுமில்லை. மந்திரத்தின் பொருளைப் பாட்டின் உடலில் ஏற்றி, தம்பியப்பன் தம் வாயாலேயே பாடுமாறு செய்தார். அதுவே அடாணா இராகத்தில் திரிபுட தாளத்தில் அமைந்த ‘பிருகஸ்பதே’ என்னும் கீர்த்தனை.

தாரையின் நாயகன், தனுசு மீன இராசிகளின் அதிபதி, தேவர்க்கு ஆசான் என வியாழனின் இலக்கணமெல்லாம் அதில் நிரல்படக் கிடக்கின்றன. பரை முதலிய வாக்கின் நான்கு நிலைகளையும் விளக்குபவன் அவன் என்று போற்றுமிடம் கவிஞர் உள்ளத்தைத் தொடும். எளியோர்க்கு உறவினன், நோயற்றவன் என்னும் பொருள்பட வரும் அடைமொழிகளைத் தம்பியப்பன் பாடியிருக்கும்போது, அவை வெறும் புகழுரையாக இருந்திரா. ஏழு அட்சரத் தாளமோ மத்தளம் பயின்ற கைக்கு உறவானது. பாடப் பாட நோய் தணிந்தது என்பர்.

ஒன்றில் தொடங்கியது ஏழாயிற்று. ஞாயிறு முதல் சனி ஈறாக ஏழு கோள்களுக்கும் ஏழு இராகங்களில், ஏழு சூளாதி தாளங்களில் கீர்த்தனைகள் எழுந்தன. இராகு, கேது பற்றியவை பிற்காலத்தில் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் பலர் கருத்து. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் ஏழே காணப்படுகின்றன.

ஐரோப்பாவில் மொசார்ட் தம் நண்பராகிய கிளாரினெட் கலைஞர் அன்டன் ஸ்டாட்லருக்கென 1791இல் ஒரு கான்செர்ட்டோ இயற்றினார். நண்பரின் கருவித் திறன் ஒளிர்வதற்கென அது பிறந்தது. தீட்சிதர் தம் மத்தளக் கலைஞர்க்கு அளித்ததோ, கருவியைக் கீழே வைத்துவிட்டு வலியோடு அமர்ந்திருக்கும் வேளையிலும் துணைநிற்கும் பாட்டு.

தம்பி பாலுசாமியைத் தேடி எட்டயபுரம் சென்ற தீட்சிதர், 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அரசவைகளை நாடாத அப்பெரியாரின் சமாதியும் அவ்வூரிலேயே உள்ளது. தம்பியப்பனின் மத்தள ஒலி காற்றோடு கலந்துவிட்டது. அவருக்கென வடித்த கீர்த்தனையை மட்டும், தத்தம் துன்பங்களோடு, இன்றும் எத்தனையோ பேர் வியாழக்கிழமைகளில் பாடிவருகின்றனர்.