தீக்குச்சிகளை ஆடவைத்தவர்

புசா ரோட்டுக் கடைகளின் முகப்பில் இரவுநேரத்தில் எழுத்துகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வெழுத்துகள் உண்மையில் ஓடுவதில்லை. சிறு விளக்குகள் அடுத்தடுத்து எரிந்து அணைவதே நம் கண்ணுக்கு ஓட்டமாகத் தோன்றுகிறது. கண்ணின் இவ்வியல்பை நம்பி, உயிரற்ற பொருளை நம் நாட்டில் முதலில் ஆடவைத்தவர்களுள் ஒருவர் தாதாசாகேப் பால்கே.

இவர் 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் பிறந்தார். ஓவியம், ஒளிப்படம், அச்சு, செப்படி வித்தை எனப் பல கலைகளைப் பயின்றார். நாற்பது வயதளவில் பம்பாயில் ஏசுநாதர் வரலாற்றுப் படமொன்றைக் கண்டார். அன்றுமுதல் திரைப்படமே அவர் எண்ணமாயிற்று. 1912இல் இலண்டன் சென்று படக்கருவியுடன் திரும்பினார்.

ஆனால் நம்பிக் கடன் கொடுப்பார் இல்லை. எனவே பட்டாணி விதையைத் தொட்டியில் ஊன்றி, அது முளைத்து வளரும் வரை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்தார். ஒரு திங்களுக்கும் மேற்பட்ட வளர்ச்சி திரையில் ஓரிரு நிமிடங்களில் நிகழ்ந்தது. கண்டவர் வியந்தனர், கடன் கிடைத்தது. மனைவி சரசுவதிபாய் தம் நகைகளை ஈந்ததோடு, படச்சுருளுக்குத் துளையிடும் கடும்பணியையும் ஏற்றார். அவ்வம்மையார் இன்றி 1913 மே 3ஆம் நாள் பம்பாயில் அரிச்சந்திரன் படம் வெளிவந்திராது.

மறு ஆண்டு உலகப்போர் மூண்டது. படச்சுருள் அரிதாயிற்று, பொருளுதவியும் குன்றியது. பெரும்படம் எடுக்க இயலாத அந்நாளில், 1915இல், தீக்குச்சிகளின் விளையாட்டு என்று பொருள்படும் மராத்திப் பெயரில் ஒரு குறும்படம் எடுத்தார். அமெரிக்காவில் பிளாக்டன் என்பார் 1906இலேயே கரும்பலகையில் வரைந்த முகங்களைச் சிரிக்கவைத்திருந்தார். பிரான்சில் எமில் கோல் தீக்குச்சிகளையே நடிக்கச் செய்திருந்தார். பால்கே செய்ததும் அக்கலையே. பட்டாணிக்கொடி தானே வளர்ந்தது. தீக்குச்சி தானே அசையுமா? குச்சியை எள்ளளவு நகர்த்த வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும்; மீண்டும் நகர்த்த வேண்டும், மீண்டும் எடுக்க வேண்டும். ஒரு நொடி ஆட்டத்திற்கு ஏறத்தாழப் பதினாறு படங்கள் தேவை. இடையே கைபட்டு ஒரு குச்சி புரண்டால் அதுவரை பட்ட பாடு வீண்.

பேசும்படங்கள் வந்தபின் பால்கேயின் தொழில் நலிந்தது. 1944 பிப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில் காலமானார். அவர் பெயரால் நடுவணரசு வழங்கும் விருதை, 1996ஆம் ஆண்டிற்கு நம் சிவாஜி கணேசன் பெற்றார். பால்கேயின் படங்களுள் சிலவற்றின் பகுதிகள் புனே திரைப்படக் காப்பகத்தில் உள்ளன. தீக்குச்சிப் படம் அவற்றுள் இல்லை.